வானலையும் ஓடுபாதையும்

போர் என்றதும் மாந்தர் மனக்கண்ணில் தோன்றுவன பீரங்கியும் போர்க்கப்பலும் குண்டுவீச்சு விமானமுமே. காதிற் கேட்பொறியை மாட்டிக்கொண்டு மேசையொன்றின் முன் அமர்ந்து, தொலைவிற் பறக்கும் விமானமொன்றின் இருப்பிடத்தையும் உயரத்தையும் எஞ்சியுள்ள எரிபொருளின் அளவையும் குறிப்பேட்டிற் பதியும் வானொலி இயக்குநரைப் போரில் ஈடுபட்டவராக எவரும் கருதுவதில்லை. அவர் ஆயுதம் ஏந்தவில்லை, எவரையும் கொல்லவில்லை, செய்தியைப் பெறுகிறார், செய்தியை அனுப்புகிறார், அவ்வளவே என்பர். இவ்வெண்ணம் வெறும் அறியாமையாக மட்டும் இருந்திருப்பின் அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆயின், இவ்வெண்ணத்தையே முதலீடாகக் கொண்டு வல்லரசுகள் இரண்டு இந்து சமுத்திரத்தின் நடுவே இராணுவத் தளமொன்றை நிறுவின. ஒரு மக்கட் கூட்டத்தை வேரோடு பெயர்த்தெறிந்தன. அயல் நாடுகளின் ஐயங்களுக்கு ஆண்டுக்கணக்கில் மழுப்பலான விடைகளை அளித்தன. ‘செய்தித் தொடர்பு நிலையம்’ என்ற தொடரே இவை அனைத்துக்கும் திரையாயிற்று.

இராணுவ விமானப் பயணங்களுக்கு வானொலித் தொடர்பு வழங்குதல் நடுநிலையான ஒரு சேவை. அது தபாற் சேவை போன்றது. கடிதத்தின் உள்ளடக்கத்துக்குத் தபாற்காரன் பொறுப்பாளியல்லன் என்னும் வாதம் தொழினுட்ப வல்லுநர் மத்தியிலும் இராசதந்திரிகள் மத்தியிலும் இன்றும் செல்வாக்குடன் விளங்குகின்றது. இவ்வாதம் அடிப்படையிலேயே தவறானது. கடல் கடந்து செல்லும் விமானப் படையின் முதுகெலும்பு வானொலித் தொடர்பேயாகும். அதனை வழங்குபவர் அப்படையின் செயலிற் பங்காளியாவார். தம் மண்ணில் அதற்கு இடமளிக்கும் அரசும் பங்காளியே. இதனை நிறுவுவதற்கு ஆவேசம் தேவையில்லை. வானொலியின் இயல்பையும் அண்மைக்கால வரலாற்றையும் அருகருகே வைத்து நோக்கினாற் போதும்.

முதலிற் பௌதிகத்தை நோக்குக. விமானத்திலுள்ளோர் தரையிலுள்ளோருடன் வழமையாகப் பேசுவதற்குப் பயன்படும் மிக உயர்ந்த மீடிறன் அலைகள் நேர்கோட்டிற் செல்பவை. பூமியோ உருண்டையானது. 35,000 அடி உயரத்திற் பறக்கும் விமானம் இவ்வலைகளைக் கொண்டு தரை நிலையத்துடன் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரம் வரையே பேச முடியும். அதற்கப்பால் அடிவானம் குறுக்கிடும். நடுக்கடலில் இவ்வலைகளை மட்டும் நம்பிய விமானம் ஊமையாகிவிடும். இந்நிலையிற் கைகொடுப்பவை 3 முதல் 30 மெகாஹேர்ட்ஸ் வரையிலான சிற்றலைகள். அவை அயன மண்டலத்தால் திருப்பப்பட்டு மீண்டும் பூமியை அடைவதால் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தூரத்தைக் கடக்க வல்லன. ஆயின் அயன மண்டலம் ஞாயிற்றின் போக்கைப் பொறுத்து மாறும் இயல்பினது. பகலிற் செவ்வனே செல்லும் உயர்ந்த மீடிறன் இரவில் விண்வெளிக்குத் தப்பிவிடும். இரவிற் பயன்படும் தாழ்ந்த மீடிறன் பகலில் உறிஞ்சப்பட்டுவிடும். ஞாயிற்றிற் கொந்தளிப்பு ஏற்படின் தொடர்பு முற்றாக அறுந்துபோதலும் உண்டு. ஆதலின் ஒரு நிலையம் போதாது. வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு மீடிறன்களில், அல்லும் பகலும் செவிமடுத்திருக்கும் நிலையங்களின் வலையொன்று வேண்டும். மண்வளமற்ற, நன்னீர் அரிதான ஒரு பவளத் தீவு வல்லரசொன்றின் கண்ணுக்குப் பொன்னாகத் தோன்றுவதன் இரகசியம் இதுவே. உலகப் படத்தில் அது அமைந்துள்ள புள்ளியே அதன் விலையை நிர்ணயிக்கின்றது.

இத்தகைய வலையின்றி நெடுந்தூர விமானத் தாக்குதல் இயலாது என்பதற்கு 1982 ஆம் ஆண்டின் போக்லண்ட் போர் தக்க சான்றாகும். அவ்வாண்டு ஏப்பிரல் 30 ஆம் திகதி இரவு, அத்திலாந்திக் சமுத்திரத்திலுள்ள அசென்ஷன் தீவிலிருந்து பிரித்தானியாவின் வல்கன் குண்டுவீச்சு விமானமொன்று ஸ்ரான்லி விமான நிலையத்தைத் தாக்கப் புறப்பட்டது. போய் மீள ஏறத்தாழ 16 மணித்தியாலங்கள் சென்றன. அந்த ஒரு விமானத்தை இலக்குக்குக் கொண்டு சேர்க்கவும் மீட்டு வரவும் விக்டர் எனப்படும் எரிபொருள் விமானங்கள் பத்துக்கு மேற்பட்டவை, வல்கனுக்கும் ஒன்றுக்கொன்றும் எரிபொருளூட்டிப் பறந்தன. 21 குண்டுகள் வீசப்பட்டன. ஓடுபாதையின் மீது விழுந்தது ஒன்றே. தாக்குதல் நிறைவேறியதும் குறிச்சொல்லொன்று வானொலியிற் சென்றது. எரிபொருள் தீருந் தறுவாயில் திரும்பிய வல்கன், பிரேசில் நாட்டுக் கரைக்கப்பால் விக்டர் ஒன்றைச் சந்திப்பதற்கு நிம்ரொட் விமானமொன்று வழிகாட்டி உதவிற்று. நிலக்குறி ஏதுமற்ற கடலின்மேல் இரு விமானங்கள் குறித்த நேரத்திற் குறித்த புள்ளியில் ஒன்றையொன்று அடைவதற்கு வானலையின் துணை இன்றியமையாதது. இப்பயணத்தில் வானொலி இயக்குநரை நீக்கிவிடின் எஞ்சுவது கடலில் விழும் விமானமே. அவ்வாறாயின், குண்டை வீசியவர் மட்டுமே போர் செய்தார், வானொலியிற் பேசியவர் போர் செய்யவில்லை என்பது எங்ஙனம் பொருந்தும்?

இன்னும் ஒரு படி மேலே செல்லலாம். 1961 முதல் 1968 வரை அணுவாயுதம் தாங்கிய அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் இடையறாது வானிற் காத்திருந்தன. அவற்றின் ஒழுங்கு இதுவாகும்: குறித்த எல்லை வரை செல்லுதல்; உரிய கட்டளை கிடைத்தாலன்றி அதனைக் கடவாது திரும்புதல். கட்டளை வானொலி வழியாக, குறியீட்டு எழுத்துக்களின் வடிவில் வரும். அதனை உச்சரிக்கும் இயக்குநர் அதன் பொருளை அறியார். தபாற்காரன் உவமை இவ்விடத்தில் நொறுங்கிவிடுகின்றது. கடிதம் தாமதமாயின் உறவினர் வருந்துவர். இங்கோ அந்தச் சில எழுத்துக்கள் சென்று சேர்ந்தால் நகரங்கள் அழியும். சேராவிடின் நகரங்கள் பிழைக்கும். துப்பாக்கியின் விசைக்கும் தான் சுடுவது யாரை என்று தெரியாது. ஆயினும் விசையைத் துப்பாக்கியின் உறுப்பன்று என எவரும் வாதிடார்.

இவ்வுண்மையை ஒப்பந்தங்களை வரைவோர் ஒருபோதும் மறந்ததில்லை. மறக்கச் செய்யப்படுவோர் மக்களே. 1947 நவம்பரில் இலங்கைக்கும் பிரித்தானியாவுக்கும் இடையிற் செய்யப்பட்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்க. பிரித்தானியாவுக்கு இலங்கை வழங்கவேண்டிய வசதிகளை அது அடுக்கிச் செல்லும்போது கடற்படைத் தளம், விமானப்படைத் தளம், துறைமுகம், இராணுவ நிலையம் என்பவற்றோடு ஒரே மூச்சில் தொலைத்தொடர்பு வசதிகளையும் குறிப்பிடுகின்றது. தளத்தோடு தொடர்பையும் சேர்த்துக் கேட்ட சட்ட அறிஞர்கள் அவ்விரண்டும் ஒரே உடலின் உறுப்புக்கள் என்பதை நன்கறிந்திருந்தனர். 1957 இல் திருகோணமலைத் துறைமுகமும் கட்டுநாயக்கா விமானத் தளமும் இலங்கையின் கைக்கு மீண்டபோது, வல்லரசுகள் சமுத்திரத்தின் வேறு தீவுகளை நாடிச் சென்றன. மாலைதீவின் தென்கோடியிலுள்ள கான் தீவில் பிரித்தானிய விமானப்படை 1976 வரை நிலைகொண்டிருந்தது. ஆயின் அவற்றின் நெடுநாட் கண் பதிந்த இடம் வேறொன்றாகும்.

இலங்கைக்குத் தெற்கே, ஏறத்தாழ 1,800 கிலோமீற்றர் தொலைவில், சாகோஸ் தீவுக்கூட்டத்தில் அமைந்தது டியாகோ கார்சியா. 18 ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் மொசாம்பிக்கிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளைக் கொணர்ந்து இத்தீவுகளில் தென்னை பயிரிட்டனர். அடிமை முறை ஒழிந்தபின் இந்தியத் தொழிலாளரும் வந்து சேர்ந்தனர். இவர்தம் வழித்தோன்றல்கள் கிரியோல் மொழி பேசி, கொப்பரா உலர்த்தி, மீன் பிடித்து, தேவாலயம் எழுப்பித் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். அவர்களின் முன்னோர் புதைக்கப்பட்ட மண்ணும் அதுவே. மலையகத் தோட்டங்களின் வரலாற்றை அறிந்தோர்க்கு இவ்வாழ்வின் சாயல் அந்நியமாகத் தோன்றாது. தோட்டத்துக்கென ஆட்களைக் கொணர்ந்து, பல தலைமுறை கழிந்தபின் ‘நீங்கள் இம்மண்ணின் மக்களல்லர்’ என்று கூறும் சூழ்ச்சியும் அவர்கள் அறிந்ததே.

1965 நவம்பர் 8 ஆம் திகதி பிரித்தானியா, மொரிசியசுக்கு விடுதலை வழங்குமுன்னரே சாகோசை அதனிடமிருந்து வெட்டியெடுத்துப் புதிய குடியேற்றமொன்றை உருவாக்கிற்று. அதற்கு ஈடாக மொரிசியசுக்குக் கொடுக்கப்பட்டது 30 இலட்சம் பவுண். அடுத்த மாதமே ஐக்கிய நாடுகள் பொதுச் சபை, மொரிசியசின் நிலப்பரப்பைத் துண்டாட வேண்டாமெனத் தீர்மானம் நிறைவேற்றிற்று. அது கேட்கப்படவில்லை. 1966 டிசெம்பர் 30 ஆம் திகதி பிரித்தானியாவும் அமெரிக்காவும் குறிப்புக்களைப் பரிமாறி, 50 ஆண்டுகளுக்கு அத்தீவுகளை இராணுவத் தேவைக்கு ஒதுக்கின. வாடகை எதுவுமில்லை என்பது வெளியிற் கூறப்பட்டது. பொலாரிஸ் ஏவுகணைகளின் ஆராய்ச்சிச் செலவிற் பிரித்தானியா செலுத்தவேண்டிய 1 கோடியே 40 இலட்சம் டொலர் இரகசியமாகத் தள்ளுபடி செய்யப்பட்டமை 1975 இலேயே வெளிவந்தது.

1970 டிசெம்பரில், டியாகோ கார்சியாவிற் கடற்படைக்கெனச் சிக்கனமான செய்தித் தொடர்பு நிலையமொன்று அமைக்கப்படும் என்ற அறிவித்தல் வெளியாயிற்று. கப்பல்களோடும் விமானங்களோடும் பேசுவதற்கான ஏரியல் கம்பங்கள் சில. அவற்றைப் பேணுவோருக்கான விடுதிகள் சில. இதற்கு மேல் ஒன்றுமில்லை என உலகுக்குக் கூறப்பட்டது. 1971 மார்ச்சில் அமெரிக்கக் கடற்படையின் கட்டடப் பிரிவினர் கரையிறங்கினர். அவர்கள் நட்டவை கம்பங்கள் மட்டுமல்ல. 8,000 அடி நீளமுள்ள ஓடுபாதையும் அச்சிக்கனத் திட்டத்தினுள் அடங்கியிருந்தது. வானலை பறப்பதற்கு ஓடுபாதை எதற்கு?

இக்கேள்வியினும் கொடியது மற்றொன்று. ஏரியற் கம்பம் நடுவதற்கு மக்களை ஏன் வெளியேற்ற வேண்டும்? 1968 முதல் 1973 வரை சாகோஸ் மக்கள் 1,500 பேருக்குக் குறையாதோர் தம் தீவுகளினின்று அகற்றப்பட்டனர். மொரிசியசுக்கு மருத்துவத்துக்கும் உறவினரைக் காணவும் சென்றவர்கள் திரும்ப அனுமதிக்கப்படவில்லை. 1971 இல் டியாகோ கார்சியா முற்றாக வெறுமையாக்கப்பட்டது. 1973 இற்குள் ஏனைய தீவுகளும் வெறுமையாயின. அம்மக்களின் வளர்ப்பு நாய்கள் பிடித்து அடைக்கப்பட்டு வாகனப் புகையாற் கொல்லப்பட்டன. நெரிசல் மிக்க கப்பல்களில் ஏற்றப்பட்டோர் மொரிசியசிலும் சீசெல்சிலும் இறக்கிவிடப்பட்டு வறுமையில் தள்ளப்பட்டனர். அவர்களை நிரந்தரக் குடிகளெனக் கூறாது, ஒப்பந்தத் தொழிலாளரெனக் காட்டவேண்டுமெனப் பிரித்தானிய அதிகாரிகள் தம்முள் எழுதிக்கொண்ட குறிப்புக்கள் பின்னாளில் நீதிமன்றங்களில் வெளிவந்தன. உண்மையிலேயே சில கம்பங்கள் மட்டும் நடப்படுவதாயின் இத்தனை கொடுமையும் வேண்டியதில்லை. வெளியேற்றியவர்கள், தாம் சொன்னதை விடப் பெரியதொன்றைக் கட்டவிருந்தனர் என்பதற்கு வெளியேற்றமே சாட்சி.

பின் நிகழ்ந்தவை அதனை உறுதிப்படுத்தின. 1973 மார்ச் 20 ஆம் திகதி தொடர்பு நிலையம் இயங்கத் தொடங்கிற்று. அதே ஆண்டு ஒக்டோபரில் மத்திய கிழக்கிற் போர் மூண்டது. 1974 பெப்ரவரியிலேயே தீவை விரிவாக்குவதற்கு 2 கோடியே 90 இலட்சம் டொலர் கோரப்பட்டது. அமெரிக்கக் காங்கிரசிலும் எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. ஆயினும் திட்டம் வென்றது. ஓடுபாதை 12,000 அடியாக நீண்டது. 1976 பெப்ரவரியிற் புதிய குறிப்புக்கள் பரிமாறப்பட்டன. 1977 ஒக்டோபரில் ‘தொடர்பு நிலையம்’ என்ற பெயரும் உதிர்ந்து ‘கடற்படை ஆதரவு நிலையம்’ ஆயிற்று. இயங்கத் தொடங்கி ஐந்தாண்டு நிறையுமுன் திரை தேவையற்றதாகிவிட்டது.

அத்தீவிலிருந்து எழுந்த விமானங்கள் சென்ற திசைகளை உலகம் அறியும். 1991 இல் அங்கிருந்து பி-52 விமானங்கள் ஈராக்கியப் படைகளின் மீது குண்டு வீசச் சென்றன. அவற்றுள் ஒன்று பெப்ரவரி 3 ஆம் திகதி திரும்பும் வழியில் தீவை அண்மித்த வேளையிற் கடலில் வீழ்ந்தது. அதன் பணியாளர் மூவர் மாண்டனர். 2001 இல் ஆப்கானிஸ்தான் மீதும் 2003 இல் ஈராக் மீதும் மீண்டும் அங்கிருந்து குண்டுவீச்சு விமானங்கள் சென்றன. 2025 இன் வசந்த காலத்தில் பி-2 விமானங்கள் அங்கு அணிவகுத்து நின்றதைச் செய்மதிப் படங்கள் காட்டின. சிக்கனமான செய்தித் தொடர்பு நிலையம் ஈன்ற பிள்ளைகள் இவை.

தொடர்பு வசதிக்கு இடமளிப்பவர் அதனூடாக நிகழ்வதை அறிந்திருப்பர், விரும்பாவிடின் தடுப்பர் என்பது மற்றொரு மாயை. 1973 ஒக்டோபரில் அமெரிக்கப் படைகள் உலகெங்கும் உசார் நிலைக்கு உட்படுத்தப்பட்டபோது, அவுஸ்திரேலியாவின் வடமேற்கு முனையிலிருந்த அமெரிக்கக் கடற்படைத் தொடர்பு நிலையமும் அதனுள் அடங்கியது. அந்நாட்டின் பிரதமர் விற்லமுக்கு முன்னறிவித்தல் எதுவும் கொடுக்கப்படவில்லை. டியாகோ கார்சியாவிலும் இதுவே நிகழ்ந்தது. சிறைப்பிடிக்கப்பட்டோரைச் சட்டத்துக்குப் புறம்பாகக் கொண்டுசெல்லும் விமானங்கள் அத்தீவைப் பயன்படுத்தவில்லையெனப் பிரித்தானிய அமைச்சர்கள் பாராளுமன்றத்துக்கு உறுதி கூறிவந்தனர். 2008 பெப்ரவரியில் வெளிநாட்டமைச்சர் டேவிட் மிலிபாண்ட், 2002 இல் அத்தகைய விமானங்கள் இரண்டு அங்கு இறங்கின என ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோர நேர்ந்தது. தன் கொடி பறக்கும் தீவில் இறங்கும் விமானத்தில் யார் இருக்கின்றனர் என்பதைப் பிரித்தானியாவே அறியாதாயின், சின்னஞ்சிறு நாடுகளின் நிலை யாதாகும்?

எதிர்த்தரப்பின் வாதங்களையும் நேர்மையாக எடை போடுதல் வேண்டும். வானொலி உயிர்களைக் காக்கின்றது என்பது அவற்றுள் முதலாவது. இதனை மறுப்பதற்கில்லை. புயலின் நடுவே வழி தவறிய விமானத்துக்கும் தீப்பற்றிய கப்பலுக்கும் வானலையே துணை. 1942 ஏப்பிரல் 4 ஆம் திகதி, கொக்கலையிலிருந்து பறந்த கற்றலீனா விமானமொன்றின் தலைவர் லெனாட் பேர்ச்சல், இலங்கையை நோக்கி வந்த யப்பானியக் கடற்படையைக் கண்டு, தம் விமானம் சுட்டு வீழ்த்தப்படுமுன் வானொலியில் எச்சரிக்கை அனுப்பினார். மறுநாட் கொழும்பு தாக்கப்பட்டபோது அவ்வெச்சரிக்கை முன்னரே கிடைத்திருந்தது. ஆயின் இவ்வெடுத்துக்காட்டு எதிர்த்தரப்புக்கு உதவுவதாயில்லை. ஒரேயொரு வானொலிச் செய்தி போரின் போக்கிற் பங்கு கொள்ளும் என்பதையன்றோ அது காட்டுகின்றது? உயிர் காக்கும் தொடர்பு எல்லா நாட்டினர்க்கும் பொதுவான மீடிறன்களில், மறைவின்றி, குடிசார் நிலையங்களால் வழங்கப்படக் கூடியது. அதற்கு இரகசிய ஒப்பந்தமும் வேண்டியதில்லை. மக்களை நாடு கடத்தவும் வேண்டியதில்லை.

செய்மதிகளின் காலத்திற் சிற்றலை நிலையங்களைப் பற்றிப் பேசுவது பழங்கதை என்பது இரண்டாவது வாதம். செய்மதி வானில் இருப்பினும் அதனைக் கட்டுப்படுத்துவோர் தரையிலேயே உள்ளனர். உலக இடங்காணல் முறைமையின் செய்மதிகளைப் பேணும் தரை நிலையங்களுள் ஒன்று டியாகோ கார்சியாவிலேயே உள்ளது. கருவி மாறிற்று, தரையின் தேவை மாறவில்லை.

வறிய நாடுகளுக்கு வாடகையும் தொழில்வாய்ப்பும் கிட்டுகின்றன என்பது மூன்றாவது. சாகோஸ் மக்களுக்குக் கிட்டியதை நோக்குக. 1973 அளவில் மொரிசியஸ் அரசுக்கு 6 இலட்சத்து 50 ஆயிரம் பவுண். 1982 இல் இறுதித் தீர்வாக 40 இலட்சம் பவுண். 2000 ஆம் ஆண்டில் இலண்டன் உயர் நீதிமன்றம் வெளியேற்றத்தைச் சட்டவிரோதமெனத் தீர்த்தது; 2004 இல் அரச கட்டளைகளால் அத்தீர்ப்பின் பயன் பறிக்கப்பட்டது; 2008 இற் பிரபுக்கள் சபை மூவருக்கு இருவர் என்ற கணக்கில் அப்பறிப்பை ஏற்றது. 2019 பெப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம், மொரிசியசின் குடியேற்ற நீக்கம் சட்டப்படி நிறைவுறவில்லை என ஆலோசனைக் கருத்து வழங்கிற்று. அதே ஆண்டு மே மாதம் பொதுச் சபையில் 116 நாடுகள் அதனை ஆதரித்தும் 6 நாடுகள் எதிர்த்தும் வாக்களித்தன. 2025 மே 22 ஆம் திகதி கையெழுத்தான உடன்படிக்கையும், இறைமையை மொரிசியசுக்கு அளித்த அதே கையால் டியாகோ கார்சியாவை 99 ஆண்டுகளுக்கு மீண்டும் பிரித்தானியாவின் பிடியில் வைக்கின்றது. வாடகை அரசுகளுக்கிடையே பேசப்பட்டது. கல்லறைகளை இழந்த மக்கள் பேச்சுவார்த்தை மேசையில் இருத்தப்படவில்லை.

இவற்றிலிருந்து இலங்கை கற்கவேண்டியது மிகுதி. 1971 இல் இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாகப் பிரகடனஞ் செய்யுமாறு ஐக்கிய நாடுகள் சபையிற் கோரியவர் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கா. அவ்வாண்டு டிசெம்பர் 16 ஆம் திகதி 61 நாடுகளின் ஆதரவோடு தீர்மானம் நிறைவேறிற்று. எதிர்த்து வாக்களித்தோர் எவருமிலர். ஆயின் 55 நாடுகள் வாக்களியாது ஒதுங்கின. அமெரிக்கா, பிரித்தானியா, சோவியத் ஒன்றியம் ஆகியன அவ்வாறு ஒதுங்கியவற்றுள் அடங்கும். டியாகோ கார்சியாவிலிருந்து மக்கள் அகற்றப்பட்ட அதே ஆண்டிலேயே அத்தீர்மானம் பிறந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 1981 இற் கொழும்பில் நடைபெறவிருந்த மாநாடு நடைபெறவேயில்லை.

அத்தீர்மானத்தை முன்மொழிந்த நாடே பின்னர் எவ்வாறு நடந்துகொண்டது? 1983 டிசெம்பரில் ‘அமெரிக்காவின் குரல்’ ஒலிபரப்புக்கென இலங்கை அரசு அமெரிக்காவுடன் புதிய ஒப்பந்தம் செய்தது. சிலாபத்துக்கு அண்மையிலுள்ள இரணவிலையில் அமைந்த அந்நிலையத்தின் ஏரியல்கள் வேறு தேவைக்கும் பயன்படலாமென இந்தியா ஐயுற்றது. 1987 யூலை 29 ஆம் திகதி இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களில், வெளிநாட்டு ஒலிபரப்பு வசதிகள் பொது ஒலிபரப்புக்கன்றி இராணுவ, உளவுத் தேவைகளுக்குப் பயன்படாதிருப்பதை உறுதி செய்தல் ஒரு விடயமாக இடம்பெற்றது. தமிழ் மக்களின் உரிமைப் பிரச்சினையைத் தீர்ப்பதற்கெனச் செய்யப்பட்ட ஒப்பந்தத்தின் அருகே வானொலிக் கம்பங்களைப் பற்றிய வாசகமும் இருந்தமை தற்செயலன்று. அரசுகளுக்கு வானலை ஒருபோதும் நடுநிலையானதாய் இருந்ததில்லை. 2007 மார்ச்சில் இலங்கை அமெரிக்காவுடன் படைத்துறை வழங்கற் பரிமாற்ற உடன்படிக்கையிற் கையொப்பமிட்டது. உணவு, எரிபொருள், போக்குவரத்து என்பவற்றோடு தொடர்புச் சேவைகளையும் உள்ளடக்குவது இத்தகைய உடன்படிக்கைகளின் வழக்கம். இவ்வரிகள் பொது விவாதத்துக்கு உரியனவாக வேண்டும்.

அண்மைய நிகழ்ச்சியொன்று இவ்விடயத்தைத் தமிழ் மக்களின் வாசலுக்கே கொண்டுவந்தது. 2021 ஒக்டோபரில் இலங்கைத் தமிழர் 89 பேருடன் கனடாவை நோக்கிச் சென்ற படகொன்று இடர்ப்பட்டு, டியாகோ கார்சியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பின்னரும் சிலர் வந்து சேர்ந்தனர். உலகின் எம்மூலைக்கும் நொடியிற் செய்தி அனுப்ப வல்ல அத்தீவில், இவர்களுட் பலர் மூன்று ஆண்டுகளுக்கு மேல் வேலியிட்ட கூடார முகாமில் அடைபட்டிருந்தனர். 2024 யூலையில் அவர்களின் வழக்கை விசாரிக்க நீதிபதியும் சட்டத்தரணிகளும் தீவுக்குச் செல்ல முற்பட்டபோது, இராணுவ விமானத்தில் அவர்களை ஏற்றுவதற்கு அமெரிக்கா இசைவு மறுத்தது; விசாரணை தள்ளிப்போய்ச் செப்டெம்பரிலேயே நடைபெற்றது. அத்தடுப்பு சட்டவிரோதமென 2024 டிசெம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது; எஞ்சியிருந்தோரிற் பெரும்பாலோர் அம்மாதம் பிரித்தானியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மண்ணின் மைந்தரை அகற்றிய தீவு, மண்ணிழந்து வந்தோரையும் மனிதராகக் காணவில்லை. விமானங்களின் தேவைக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தில் மனிதர் எப்போதும் மிகையான பொருளே.

ஆதலின் கோரப்பட வேண்டியவை தெளிவானவை. அந்நியப் படைகளுக்கு வானொலித் தொடர்பு வழங்கும் எந்த உடன்படிக்கையும் அதன் முழு வாசகத்தோடு பாராளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். அவ்வசதியைப் பயன்படுத்தும் விமானங்களின் பதிவேடு இடமளிக்கும் நாட்டின் கையில் இருக்கவேண்டும். மறுக்கும் உரிமையும் அந்நாட்டுக்கு இருக்கவேண்டும். நிலையம் அமையும் மண்ணில் வாழ்வோரின் சம்மதம் பெறப்பட வேண்டும். இவற்றை வழங்க மறுக்கும் வல்லரசு, தான் கேட்பது வெறும் தொடர்பு அல்ல என்பதைத் தானே ஒப்புக்கொள்கின்றது.

பல்கலைக்கழகங்களுக்கும் இதிற் கடமையுண்டு. பொறியியற் பீடத்திலும் விஞ்ஞான பீடத்திலும் அலைகளின் தெறிப்பையும் மீடிறன் தெரிவையும் கற்கும் மாணவர், அக்கல்வி விலைபோகும் சந்தையையும் கற்றல் வேண்டும். சட்டமும் அரசறிவியலும் கற்போர் ‘வசதி’, ‘ஆதரவு’, ‘தொடர்பு’ போன்ற மென்மையான சொற்கள் ஒப்பந்தங்களிற் சுமக்கும் பொருளைப் பிரித்தறியப் பழகவேண்டும். சொல்லை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட தமிழ் மாணவர்க்கு இது புதிய வேலையன்று. செய்தித் தொடர்பு நிலையமொன்று வேண்டுமென அந்நியப் படை எதுவும் இனிக் கேட்டு வருமாயின், ஏரியலின் உயரத்தை அதனிடம் விசாரிக்க வேண்டியதில்லை. முதலிற் கேட்கவேண்டியது, ஓடுபாதையின் நீளம் எத்தனை அடி என்பதேயாகும்.